ஏழு நாள் பேக்கேஜும் ஒரு மணி நேரப் பிச்சாவரமும்

"3 இரவு மழைக்காட்டு லாட்ஜ், 3 இரவு கரீபியன் தீவு. ஏழு நாளில் காடும் கடலும்!"

இந்த மாதிரி விளம்பரங்களைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவுக்குப் போய்விட்டு ஊருக்கு அனுப்பும் போட்டோக்கள் எல்லாம் ஒரே அச்சு. முதல் மூன்று நாள் கோஸ்டாரிகா பக்கம் மரத்தின்மேல் கட்டிய குடிசை, கொசுவலை, ஒரு தவளை. அடுத்த மூன்று நாள் வெள்ளை மணல், நீலத் தண்ணீர், தேங்காயில் செருகிய ஸ்ட்ரா. அவ்வளவு வசதி இல்லாதவர்களுக்கு அதன் மலிவுப் பதிப்பு அந்தமான், பாலி, மாலத்தீவு.

போகட்டும். சம்பாதித்த காசில் எங்கே போவது என்பது அவரவர் இஷ்டம். அதைப் பற்றி இங்கே புகார் ஒன்றும் இல்லை. புகார், திரும்பி வந்தபிறகு கடலூர் மாவட்டத்தைப் பார்த்து அவர்கள் சொல்கிற ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

"பிச்சாவரத்தை இவங்க டெவலப் பண்ணவே தெரியாம வச்சிருக்காங்க. உள்ளே பத்து காட்டேஜ் கட்டி, தேவனாம்பட்டினத்துல ஒரு ரிசார்ட் போட்டா, கரீபியனே இங்கதான்!"

படகுத்துறையில் நின்றால் ஒரு நாளைக்கு நாலு பேராவது இதைச் சொல்வதைக் கேட்கலாம். "அண்ணே, உள்ளே தங்க ரூம் கிடையாதா?" என்று துடுப்பு போடுபவரைக் கேட்பார்கள். "இல்ல சார்" என்றால், "என்ன ஊருங்க இது" என்று அலுத்துக்கொள்வார்கள். கேட்பதற்கு ஊர்ப்பாசம் போலத்தான் இருக்கும். உண்மையில் இதைவிட ஊருக்குக் கெடுதலான யோசனை வேறில்லை. ஏன் என்று வரிசையாகப் பார்த்தால் விளங்கும்.

முதலில், அந்த வாக்கியத்தைச் சொல்பவர் இந்த ஊரில் செலவழித்த நேரத்தைக் கணக்குப் போட வேண்டும். காலை ஏழு மணிக்கு வேன் சிதம்பரம் வருகிறது. நடராஜர் கோயில் ஒன்றரை மணி நேரம். டிபன். பதினைந்து கிலோமீட்டர் போனால் பிச்சாவரம், படகில் ஒரு மணி நேரம். இதயக்கனி படத்தில் எம்.ஜி.ஆர். வந்த இடம் எது, தசாவதாரம் எடுத்த இடம் எது என்று இரண்டு கேள்வி. சாப்பாடு. மாலை நாலரைக்கு கடலூர், தேவனாம்பட்டினம் சில்வர் பீச். பஜ்ஜி, வறுத்த மீன், முழங்கால் வரை தண்ணீர், குழந்தைகள் அழுகை. ஏழு மணிக்கு வேன் கிளம்பிவிடும். பேப்பர் தட்டும் தண்ணீர் பாட்டிலும் மணலிலேயே தங்கிவிடும். அவற்றுக்கு ரூம் தேவைப்படுவதில்லை பாருங்கள்!

கரீபியனுக்கு ஏழு நாள். இங்கே காட்டுக்கு ஒரு மணி நேரம், கடலுக்கு இரண்டு மணி நேரம். இப்படி வந்து போனவருக்குப் பிச்சாவரத்தில் "ஒன்றும் இல்லை" என்று தோன்றியதில் ஆச்சரியம் என்ன?

சரி, அங்கே இருப்பது என்ன? வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே, சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில், 51 சிறு தீவுகளாகப் பிரிந்து கிடக்கிற அலையாத்திக் காடு. முட்டுவேர்களை ஊன்றி நிற்பது சுரபுன்னை. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர்களை மேலே நீட்டியிருப்பது வெண்கண்டல். உப்புத்தண்ணீரைக் குடித்து இலை வழியாக உப்பை வெளியே தள்ளும் மரம் அது. சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, நீளமாக வளர்ந்து, அப்புறம்தான் சேற்றில் விழும். தொட்டால் அரிக்கும் பால் வடிக்கிற தில்லை மரமும் இந்தக் குடும்பத்துக் காட்டில்தான் வளர்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரே அந்த மரத்தால் வந்தது. அதாவது கோயிலுக்கும் காட்டுக்கும் நடுவே உள்ள பதினைந்து கிலோமீட்டர், வேன் டிரைவருக்கு மட்டும்தான் தூரம். 2022-இல் இந்தக் காடு ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. பள்ளிக்கரணையும் கரிக்கிலியும் கூடவே சேர்ந்தன.

"அப்படிப்பட்ட காட்டில் பத்தே பத்து காட்டேஜ் கட்டினால் என்ன ஆகிவிடும்?" என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பதில் அந்தக் காட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடம் தானாக வளர்ந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. சுதந்திரத்துக்குப் பின்னும் அந்த வழக்கம் சில பத்தாண்டுகள் ஓடியது. காடு வளரவில்லை. மரம் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி மண் அமுங்கி, நடுவில் தொட்டி மாதிரி பள்ளம் விழுந்தது. கடல் ஏறும்போது உள்ளே வந்த தண்ணீர், கடல் வற்றும்போது வெளியே போக வழியில்லாமல் பள்ளத்தில் தங்கியது. தங்கிய தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் உப்பைத் தின்று வாழும் வெண்கண்டலே முளைக்க முடியாத அளவுக்கு உப்பு. ஆடு மாடு மேய்ந்ததால்தான் காடு அழிந்தது என்று பழியை ஊர்க்காரர்கள் தலையில் வெகுகாலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மையான காரணம் தண்ணீர் ஓடாமல் நின்றதுதான்.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அதைச் சரிசெய்த விதம் ரொம்ப எளிமையானது. பள்ளத்திலிருந்து பக்கத்துக் கால்வாய் வரை ஒரு பெரிய வாய்க்கால், அதன் இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்னச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். கடல்தண்ணீர் உள்ளே வந்து வெளியே போக ஆரம்பித்தது. உப்பு குறைந்தது. கரையில் நட்ட கன்று பிழைத்தது. வேறு மாயம் எதுவும் செய்யவில்லை. தண்ணீருக்கு வழிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதிலிருந்து கிடைக்கிற பாடம் என்ன? இந்தக் காட்டின் உயிர் மரத்தில் இல்லை, தண்ணீரின் போக்குவரத்தில் இருக்கிறது. அரை அடி மண் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் காடு சாகும். பத்து காட்டேஜ் என்றால் பத்து கூரை மட்டும் இல்லை. அதற்குப் போக மேடை, படகு நிற்க ஆழப்படுத்திய கால்வாய், ஏ.சி. ஓட ஜெனரேட்டர், டீசல், இரவெல்லாம் விளக்கு, கழிவறை. செப்டிக் டேங்க்கை எங்கே புதைப்பது? ஒரு அடி தோண்டினால் கடல். குளிக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும்? சுற்றிலும் இருப்பதெல்லாம் உப்பு. கரையோர ஊர்களின் நல்ல தண்ணீரைத்தான் லாரியில் ஏற்றி, படகில் இறக்க வேண்டியிருக்கும். டூரிஸ்ட் ஷவரில் நிற்கிற பத்து நிமிஷத்துக்கு ஏதோ ஒரு தெருவில் குடங்கள் வரிசையில் நிற்கும்.

இது வெறும் கற்பனைப் பயம் என்று தள்ளிவிட முடியாது. 2019 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, அலையாத்திக் காடுகள் அடங்கிய மிகக் கடுமையான பாதுகாப்பு வகையிலும்கூட, குறித்த இடங்களில் "சூழல் சுற்றுலா" என்ற பெயரில் காட்டுக்குள் நடைபாதைக்கும் மரக்குடிலுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. கடலோர மேலாண்மைத் திட்டத்தில் சேர்த்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது, உண்மைதான். ஆனால் கதவு திறந்தாகிவிட்டது. தாழ்ப்பாள் ஒரு காகிதத்தில் தொங்குகிறது. "டெவலப் பண்ணுங்க" என்று வேனில் வந்தவர் போகிற போக்கில் சொல்வது, அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிற குரல். அவருக்கு அது தெரியாது. கேட்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்தது தேவனாம்பட்டினம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். மோசமாக அடிபட்ட ஊர்களில் ஒன்று தேவனாம்பட்டினம். இன்று வறுத்த மீன் விற்கிற அதே மணல். பிச்சாவரத்துக்கு எதிரே மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு போன்ற குடியிருப்புகள் சின்னாபின்னமாயின. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பித்தன. 2005-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு இதே கடலூர் மாவட்டக் கரையை வைத்துத்தான் எழுதப்பட்டது. அடர்ந்த மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றது. பின்னால் வேறு சிலர் மறுத்தார்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பதுதான் முக்கியம், மரத்துக்கு அவ்வளவு பெருமை தர வேண்டாம் என்றார்கள். அந்த விவாதம் விவாதமாகவே இருக்கட்டும். எந்தப் பக்கம் சரி என்றாலும் முடிவு ஒன்றுதான். மரம் காப்பாற்றியது என்றால் மரத்தை வெட்டக் கூடாது. தூரம்தான் காப்பாற்றியது என்றால் கடல் ஓரத்தில் கட்டக் கூடாது. "சீ வியூ காட்டேஜ்" இரண்டு பரீட்சையிலும் ஃபெயில்!

இதில் வயிற்றெரிச்சலான சமாச்சாரம் ஒன்று உண்டு. 2005 மார்ச்சில் தமிழக அரசு போட்ட ஆணைப்படி, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்த மீனவக் குடும்பத்துக்கு அரசு கட்டித்தரும் புது வீடு வேண்டுமென்றால் 200 மீட்டருக்கு அப்பால் போக வேண்டும். பழைய இடத்திலேயே இருக்கிறேன் என்றால் இருந்துகொள்ளலாம், ஆனால் அந்த உதவி கிடையாது. காரணம், பாதுகாப்பு. நியாயம்தான். பதினாலு வருஷம் கழித்து வந்த 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கமுள்ள கடலோர ஊரகப் பகுதிகளில் கட்டக்கூடாத தூரத்தை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. தற்காலிகச் சுற்றுலாக் குடில்களுக்கு அதற்குள்ளும் இடம் உண்டு. வலை உலர்த்துபவன் கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் ஆபத்து, வாடகை கொடுத்துப் படுப்பவன் இருந்தால் சுற்றுலா. கடல் இருவரையும் பிரித்துப் பார்க்குமா?

"ரிசார்ட் வந்தா வேலை வருமே?" இது நியாயமான கேள்வி. கேலி செய்து தள்ளக் கூடாது. உப்பனாற்றங்கரையில் 1980-களில் சிப்காட் வந்தபோதும் இதே கேள்விதான் கேட்கப்பட்டது. வேலை கொஞ்சம் வந்தது. ஆற்றில் மீன் போனது, காற்றில் நாற்றம் வந்தது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் வருஷக்கணக்கில் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வேலை என்றால் யாருக்கு, என்ன வேலை, எதை இழந்து என்று சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

காட்டின் ஓரத்தில் எம்.ஜி.ஆர். நகர் போன்ற இடங்களில் இருக்கும் இருளர்கள், தண்ணீரில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிப்பவர்கள். பெண்களும் பிடிப்பார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. கால்வாய்தான் அவர்களுக்கு வயல். அந்தக் கால்வாய் ஒரு ரிசார்ட்டின் "பிரைவேட் வாட்டர்" ஆனால் அவர்களுக்குக் கிடைக்கப்போவது என்ன? வாசலில் செக்யூரிட்டி வேலை. அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். நேற்றுவரை சொந்தமாய் இறங்கிய தண்ணீருக்கு முன்னால் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, சொந்தக்காரனையே "உள்ளே வராதே" என்று விரட்டும் வேலை.

இதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். விளம்பரத்தில் வரும் அந்தக் கரீபியனுக்கே போனால் போதும். சுற்றுலாப் பயணி கொடுக்கும் பணத்தில் கரீபியன் தீவுகளில் 80 சதவீதம் வரை விமான கம்பெனிக்கும் ஹோட்டல் முதலாளிக்கும் இறக்குமதிச் சரக்குக்குமாக வெளியே போய்விடுகிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஒரு காலத்தில் எடுத்துக்காட்டிய மதிப்பீடு உண்டு. ஆன்டிகுவாவில் பிறந்த எழுத்தாளர் ஜமைக்கா கின்கெய்ட் 1988-இல் 'எ ஸ்மால் பிளேஸ்' என்று ஒரு சின்னப் புத்தகமே எழுதினார். தன் தீவுக்கு வந்து இறங்கும் சுற்றுலாப் பயணியின் சட்டையைப் பிடித்து உலுக்குகிற புத்தகம். போட்டோவில் தேங்காய் தெரிகிறது. தேங்காயை வெட்டிக் கொடுத்தவர் தெரிவதில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கரைக்கும் கரீபியனுக்கும் பழைய உறவு இருக்கிறது. பேக்கேஜ் விற்பவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையை 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம் வரை எல்லாம் கம்பெனிக்கு என்று பேச்சு. சுட்டார்கள். குண்டு விழுந்த வட்டத்துக்குள் இருந்த ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' ஆயின. ஊரில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. வெளியிலிருந்து வந்தவன் "இது எனக்குப் பிடித்திருக்கிறது" என்று எல்லை போட்டுக்கொண்ட முதல் ரிசார்ட் அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து அந்தக் கோட்டையை இடித்துப் போட்டார்கள்.

அதற்கு நூறு வருஷம் கழித்து, கடலூருக்கு வடக்கே புதுச்சேரியிலிருந்தும் தெற்கே காரைக்காலிலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய கப்பல்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே 6-இல் மார்த்தினிக் தீவையும், 1854 டிசம்பர் 24-இல் குவாதலூப் தீவையும் அடைந்தது. அடுத்த முப்பது சொச்சம் வருஷத்தில் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர். அதில் தமிழர்கள் ஏராளம். பலர் திரும்பவில்லை. மாரியம்மன் அங்கே 'மாலியெமின்' ஆகி இன்னமும் கும்பிடப்படுகிறாள். ஏழு நாள் பேக்கேஜில் போய் மணலில் படுத்திருப்பவர், அங்கிருந்து சில கிலோமீட்டரில் தன் குலதெய்வத்தின் சின்னக் கோயில் ஒன்று இருக்கலாம் என்பதை அறியாமலே திரும்பி வருகிறார். வந்து, இந்தக் கரையைப் பார்த்து, "கரீபியன் மாதிரி ஆக்கணும்" என்கிறார். கரீபியன் ஆவது என்றால் என்னவென்று இந்தக் கரைக்கு ஒருமுறை நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அப்படியானால் யாருமே வரக் கூடாதா? இல்லை, தாராளமாக வரட்டும். ஒரு மணி நேரத்துக்குப் பதில் ஒரு வாரத்துக்கு வரட்டும். காடும் கடலும் சேர்ந்த ஏழு நாள் இங்கேயே இருக்கிறது, ஒரு செங்கல்கூட வைக்காமல். தங்குவதற்குச் சிதம்பரத்திலும் கடலூரிலும் லாட்ஜுகள் நிறைய. அவை ஏற்கெனவே தரையில் நிற்கின்றன, சேற்றில் இல்லை.

முதல் நாள் விடியற்காலை தேவனாம்பட்டினம். மாலையில் பார்த்த சில்வர் பீச் வேறு, விடிகாலையில் படகு கரையேறி, மீன் ஏலம் போகும் கரை வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளிக்கூட லீவும் அப்போதுதான். அந்த இரண்டு மாதத்தில் தட்டில் விழும் மீன் எந்தப் படகில் வந்தது என்று கேட்டால், ஒரு கடற்கரையின் பொருளாதாரமே பேச ஆரம்பிக்கும். இரண்டாம் நாள் கெடிலம் ஆற்றோரம், கோட்டை இருந்த இடம், திருப்பாதிரிப்புலியூர் கோயில், கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர் கரையேறியதாகச் சொல்லும் கரையேறவிட்டகுப்பம். மூன்றாம் நாள் வடலூர், 1867-இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்னும் எரிகிற தருமச்சாலை. நான்காம் நாள் பரங்கிப்பேட்டை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி நடக்கும் வெள்ளாற்று முகத்துவாரம். ஐந்தாம் நாள் சிதம்பரம், சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும். ஆறும் ஏழும் பிச்சாவரம். மோட்டார் போட் வேண்டாம், துடுப்புப் படகு. அதுதான் குறுகலான வாய்க்காலுக்குள் போகும். ஒரு நாள் தண்ணீர் ஏறும்போது, மறுநாள் வற்றும்போது. இரண்டும் இரண்டு காடு. மாசிமகத்தில் வந்தால் இன்னும் விசேஷம். அன்றைக்குச் சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் தேவனாம்பட்டினம் கடலில் தீர்த்தவாரிக்கு வந்து, தீர்த்தவாரி முடிந்ததும் திரும்பிப் போய்விடும். சாமியே கடற்கரையில் ரூம் கேட்பதில்லை.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது காட்டேஜ் இல்லை. துடுப்பு போடுபவருக்கு நிலையான வருமானம், கரையில் குப்பை அள்ளும் ஏற்பாடு, சுத்தமான கழிவறை, கிள்ளைக்கும் பிச்சாவரத்துக்கும் நேரத்துக்கு பஸ், மீன்முள் வாய்க்கால்கள் தூர்ந்துவிடாமல் வருஷா வருஷம் பராமரிப்பு. எல்லாமே அற்பமான வேலைகள். திறப்பு விழா வைக்க முடியாது, கல்வெட்டில் பெயர் வராது. அதனால்தான் யாரும் கேட்பதில்லை.

அடுத்த தடவை படகுத்துறையில் "உள்ளே தங்க ரூம் இல்லையா?" என்று யாராவது கேட்டால், துடுப்பு போடுபவர் "இல்ல சார்" என்று தயங்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. 2004-இல் ஊர் தங்கியதும், வெட்டுப்பட்ட காடு பிழைத்ததும் தண்ணீர் வந்து போக உள்ளே இடம் இருந்ததால்தான். அந்த இடத்தில் ஏற்கெனவே கடல் தங்கியிருக்கிறது. காலி செய்யச் சொல்ல முடியாது.